பாளையங்கோட்டையில் பதிந்த தத்துப் பத்திரம் டர்பனில் செல்லுமா?

பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் புரியட்டும் என்று கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் டர்பனில் ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கிறார். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தென்னாப்பிரிக்கக் குடிமகன். இவர் பாளையங்கோட்டையிலிருந்து கல்யாணமாகி வந்தவர். நிரந்தரமாக வசிக்கும் உரிமை உண்டு, கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்தான். பிள்ளை இல்லை. ஊரில் தங்கைக்கு மூன்று பெண்கள். 2023 தை மாதம் மூன்று வார லீவில் ஊருக்குப் போய், கோயிலில் வைத்து மூன்றாவது பெண்ணைத் தத்தெடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமும் பதிந்திருக்கிறார்கள். குழந்தைக்கு இப்போது எட்டு வயது, இன்னும் தங்கை வீட்டில்தான் இருக்கிறாள். விசாவுக்குப் போட்டபோது, இந்தத் தத்தை ஏற்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள். "இந்தியச் சட்டப்படி சரியாகச் செய்ததை இவர்கள் எப்படி இல்லையென்று சொல்லலாம்?" என்பது அவர் கேள்வி.

கோபம் நியாயமானதுதான். ஆனால் இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. இந்தியாவில் அவள் உங்கள் மகளா என்பது ஒன்று. தென்னாப்பிரிக்காவில் உங்கள் மகளா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இப்போதைக்கு இல்லை. ஒரே குழந்தைக்கு ஒரே நேரத்தில் இரண்டு பதிலும் பொருந்தும் என்பதுதான் முதலில் கேட்கும் யாருக்கும் ஜீரணிக்க முடியாத விஷயம். டர்பனில் அட்டர்னியாகக் குடும்ப வழக்குகளை 20 ஆண்டுகளுக்கு மேல் பார்த்துவிட்டேன். இந்த இடத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் சுருங்காமல் நான் பார்த்ததில்லை.

இந்தியப் பக்கம் எளிது. நீங்கள் செய்தது 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின்படி. பெண் குழந்தையைத் தத்தெடுப்பவருக்கு ஏற்கெனவே மகளோ மகன் வழிப் பேத்தியோ இருக்கக் கூடாது. உங்களுக்கு இல்லை. ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுத்தால் இருவருக்கும் 21 வயதாவது வித்தியாசம் வேண்டும். குழந்தைக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது, மணமாகியிருக்கக் கூடாது. பெற்றவர்கள் கையாலேயே கொடுத்து, எடுப்பவர்கள் கையாலேயே வாங்க வேண்டும். இந்தக் கொடுத்தல் வாங்கல்தான் உயிர்நாடி. தத்த ஹோமம் கட்டாயமில்லை என்று சட்டமே சொல்கிறது. பதிவான பத்திரத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டிருந்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை தத்து சட்டப்படி நடந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். எடுப்பவர் இந்துவாக இருக்க வேண்டும் என்று கேட்கிறதே தவிர, இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. ஆக உங்கள் கணவர் எடுத்தது, நீங்கள் சம்மதித்தது எல்லாம் சரி. பத்திரத்தை நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை நம்பித்தான் சொல்கிறேன்.

இனி இந்தப் பக்கம். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கென்று 1993-இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் இரண்டுமே அதில் இருக்கின்றன. இந்தியாவுக்கு 2003 அக்டோபரிலும் தென்னாப்பிரிக்காவுக்கு அதே ஆண்டு டிசம்பரிலும் நடைமுறைக்கு வந்தது. தென்னாப்பிரிக்கா அதைத் தன் குழந்தைகள் சட்டத்திலேயே, 2005-ஆம் ஆண்டின் 38-ஆம் சட்டத்தில், பதினாறாவது அத்தியாயமாகச் சேர்த்துக்கொண்டது. அந்த உடன்படிக்கை நீங்கள் எந்த மதம், என்ன பாஸ்போர்ட், எந்தக் கோயில் என்று எதையும் கேட்பதில்லை. தத்து நடந்த அன்று குழந்தை எங்கே வாழ்ந்துகொண்டிருந்தது, எடுப்பவர்கள் எங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்று மட்டுமே கேட்கிறது. குழந்தை பாளையங்கோட்டையில், நீங்கள் ஃபீனிக்ஸில். அவ்வளவுதான், நீங்கள் உடன்படிக்கைக்குள் வந்துவிட்டீர்கள். மூன்று வாரம் ஊரில் இருந்ததால் ஊர்க்காரர் ஆகிவிட மாட்டீர்கள். உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டும் இதில் உதவாது. வாழும் இடம்தான் கணக்கு, குடியுரிமை அல்ல.

இதே பத்திரத்தை, இதே சார்பதிவாளர் அலுவலகத்தில், கோயம்புத்தூரில் குடியிருக்கும் ஒரு தம்பதி எழுதியிருந்தால் கதை வேறு. அவர்கள் நாலைந்து வருடம் அந்தக் குழந்தையோடு அங்கேயே வாழ்ந்து, பள்ளிக்கூடத்தில் சேர்த்து, பிறகு வேலை கிடைத்து ஜோஹன்னஸ்பர்க் வருகிறார்கள் என்று வையுங்கள். அது இந்தியாவுக்குள் இந்தியாவில் வாழ்பவர்கள் செய்த தத்து. ஹேக் உடன்படிக்கை அதைத் தொடுவதே இல்லை. அவர்களுக்கு வரும் சிக்கல் விசாச் சிக்கல் மட்டும்தான். "பக்கத்து வீட்டுக்காரர் இப்படித்தான் கூட்டிவந்தார்" என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவர் எடுத்தபோது எங்கே குடியிருந்தார் என்று கேளுங்கள். முக்கால்வாசி வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

உடன்படிக்கைக்குள் வந்துவிட்டால் என்ன வேண்டும்? இரண்டு நாட்டிலும் மத்திய அதிகாரி என்று ஒருவர் உண்டு. தென்னாப்பிரிக்காவில் அது சமூக வளர்ச்சித் துறையின் தலைமை இயக்குநர், பிரிட்டோரியாவில். இந்தியாவில் டெல்லியில் இருக்கும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம். எல்லோரும் காரா என்றுதான் சொல்வார்கள். முறை என்னவென்றால், இங்கே வாழ்பவர் முதலில் இங்கே விண்ணப்பிக்க வேண்டும். இங்கே உள்ள சமூகப் பணியாளர் வீட்டை ஆராய்ந்து அறிக்கை தருவார். அது டெல்லிக்குப் போகும். அங்கே குழந்தையைப் பற்றிய அறிக்கை தயாராகும். இரண்டு அதிகாரிகளும் சரி என்ற பிறகுதான் தத்து. முடிந்ததும், உடன்படிக்கைப்படி நடந்தது என்று 23-ஆம் பிரிவின்கீழ் ஒரு சான்றிதழ் தருவார்கள். அந்த ஒரு தாள் இருந்தால், நம் குழந்தைகள் சட்டத்தின் 266-ஆம் பிரிவு தென்னாப்பிரிக்காவைத் தத்தை ஏற்கச் சொல்கிறது. பொதுக் கொள்கைக்கு அப்பட்டமாக முரணாக இருந்தால் மட்டுமே மறுக்கலாம், அப்போதும் குழந்தையின் நலனைப் பார்த்துத்தான். உங்களிடம் இல்லாதது அந்தத் தாள்தான். விசா அலுவலகம் உங்கள் பத்திரத்தைப் பொய் என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

இதை இங்கே உள்ள தமிழர்களுக்குச் சொல்லும்போது நான் கல்யாணத்தை உதாரணம் காட்டுவேன். கோயிலில் தாலி கட்டி, ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டாலும், உள்துறையான ஹோம் அஃபேர்ஸில் பதியாவிட்டால் இந்த நாட்டுத் திருமணச் சட்டத்துக்கு அது கல்யாணம் இல்லை. நம் பாட்டிமார்கள் எத்தனை பேர் அப்படி வாழ்ந்து முடித்தார்கள்! தத்தும் அப்படித்தான். 1923-இல் சட்டம் வரும்வரை இந்த நாட்டில் தத்து என்பதற்கே சட்டத்தில் இடமில்லை. இந்த நாட்டுப் பொதுச் சட்டத்தின் அடிப்படையான ரோமன் டச்சுச் சட்டம் அதை அறியாது. என் மாமியாரின் அம்மா கரும்புத் தோட்டத்து பாரக்ஸில் பக்கத்து அறைக்காரி வளர்த்த பெண். காகிதம் என்று ஒன்றுமே கிடையாது. கேட்டால் "எடுத்து வளர்த்தாங்க" என்பார்கள், அவ்வளவுதான். அன்று எல்லை தாண்ட வேண்டியிருக்கவில்லை, அதனால் காகிதமும் வேண்டியிருக்கவில்லை.

சரி, இப்போது என்ன செய்வது? பலர் உங்களுக்குச் சொல்லப்போகும் முதல் யோசனை, பழையதை விட்டுவிட்டு உறவினர் தத்தாகப் புதிதாகத் தொடங்குங்கள் என்பது. இந்தியாவின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் 60-ஆம் பிரிவு வெளிநாட்டில் வாழும் உறவினருக்கானது. அம்மாவின் அக்கா அந்தச் சட்டத்தின்படி உறவினர்தான். நீங்கள் 2022-இல் என்னிடம் வந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இப்போது அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. இந்து தத்துச் சட்டப்படி அவள் ஏற்கெனவே உங்கள் மகள். முறையாக நடந்த தத்தை யாராலும் ரத்து செய்ய முடியாது, நீங்களும் முடியாது, தங்கையும் முடியாது. சட்டத்தின் கண்ணில் உங்கள் தங்கை இன்று அவளுக்குச் சித்தி. கொடுப்பதற்கு அவரிடம் உரிமை இல்லை. ஒரு பிள்ளையை இரண்டு முறை கொடுக்க முடியாது. பழைய பத்திரத்தை மறைத்துவிட்டுப் புதிய விண்ணப்பம் போடலாம் என்று யாராவது சொன்னால், அது பதிவான பத்திரம் என்பதையும், வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல் அதையும் எடுத்துப் பார்க்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்களுக்குப் பொருந்தும் வழி வேறு. இந்து தத்துச் சட்டப்படி எடுத்த குழந்தையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக விரும்புகிறவர்களுக்கென்று 2021 செப்டம்பரில் இந்தியா விதிகளைத் திருத்தியது. 2022-இல் வந்த புதிய தத்தெடுப்பு விதிகளிலும் அது தொடர்கிறது. அதற்கு முன் இந்தப் பெற்றோர்கள் உயர்நீதிமன்றம் உயர்நீதிமன்றமாக அலைந்துகொண்டிருந்தார்கள். இப்போது மாவட்ட ஆட்சியர் தத்து உண்மையாக நடந்ததா என்று விசாரித்து அறிக்கை தர, குழந்தை போகும் நாட்டின் சம்மதமும் சேர, காரா தடையில்லாச் சான்று தரலாம். உங்கள் விஷயத்தில் அது திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம். பத்திரம், பிறப்புச் சான்றிதழ், தங்கை மற்றும் அவர் கணவரின் வாக்குமூலம் எல்லாம் பார்ப்பார்கள். சடங்குப் படங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாலையும் கழுத்துமாகச் சிரிக்கும் குரூப் போட்டோ அல்ல நான் சொல்வது. தங்கை மடியிலிருந்து குழந்தை உங்கள் மடிக்கு மாறும் அந்த ஒரு படம் இருக்கிறதா என்று ஆல்பத்தைத் தேடுங்கள். கொடுத்தல் வாங்கலுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி சொல்வதில் அந்த உறுதி இல்லை. குழந்தை போகும் நாட்டின் சம்மதம் என்றேனே, அது பிரிட்டோரியாவிலிருந்து வர வேண்டும். முன்னால் வாங்க வேண்டிய சம்மதத்தை நாம் பின்னால் போய்க் கேட்கிறோம். கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தப் பிரிவும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கொடுக்கவே கூடாது என்றும் இல்லை. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது, வாதம் அங்கிருந்துதான் தொடங்கும். நடைமுறையில் கோப்பு யார் மேசையில் விழுகிறது என்பதைப் பொறுத்து மாறும். ஒரு வருடத்துக்குள் முடியும் என்று உறுதி கொடுக்கும் வக்கீலிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு மங்கலான இடம் குடியுரிமை. தென்னாப்பிரிக்கக் குடிமகன் ஒருவர் குழந்தைகள் சட்டத்தின்படி தத்தெடுத்து, பிறப்பும் இங்கே பதிவானால், குழந்தை வம்சாவளிக் குடியுரிமை பெறும் என்று குடியுரிமைச் சட்டம் சொல்கிறது. இந்தியாவில் நடந்து இங்கே 266-இன்கீழ் ஏற்கப்பட்ட தத்து அந்தச் சொற்களுக்குள் அடங்குமா? அடங்கும் என்று நான் வாதிடுவேன். ஆனால் ஹோம் அஃபேர்ஸ் கவுன்டரில் இருப்பவர் தேடுவது குழந்தைகள் நீதிமன்றத்தின் முத்திரையை. அது இல்லாத காகிதத்தைக் கண்டால் மேலதிகாரியைக் கேட்கிறேன் என்று உள்ளே எடுத்துப் போவார். அப்புறம் மாதக்கணக்கில் காத்திருப்புதான். முதலில் குழந்தை வந்து சேரட்டும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டு ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் சறுக்குவது அங்கேதான். தத்து வேலைக்கென்று தகுதி பெற்ற சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். குழந்தைகளுக்குத் தீங்கு செய்தவர்களின் தேசியப் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை என்பதற்குப் படிவம் 30, போலீஸ் சான்றிதழ், மருத்துவ அறிக்கை, சம்பளச் சீட்டு, இவற்றை எல்லோரும் தயாராக வைத்திருப்பார்கள். தயாராக இல்லாதது ஒரு கேள்விக்கான பதில். "இந்தக் குழந்தைக்கு அம்மா அப்பா இருக்கிறார்கள், அக்காமார் இருக்கிறார்கள். இவள் ஏன் அவர்களை விட்டு வர வேண்டும்?" நம் வழக்கத்தில் இதற்குப் பதிலே தேவையில்லை. அக்காவுக்குப் பிள்ளை இல்லை, தங்கைக்கு மூன்று, கொடுத்தாள். அதில் எவ்வளவு அன்பு இருக்கிறது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பதிலில் இருப்பது பெரியவர்களின் தேவை. அவர்கள் கேட்பது எட்டு வயதுப் பெண்ணின் தேவையை. "எங்களுக்குப் பிள்ளை இல்லை" என்று தொடங்கிய பல பேட்டிகள் நன்றாக முடிந்ததில்லை. குழந்தை உங்களோடு எத்தனை நாள் இருந்திருக்கிறாள், வாரத்தில் எத்தனை முறை பேசுகிறாள், பள்ளிச் செலவு யார் பார்க்கிறார்கள், அவளுக்கு ஏதாவது தனித் தேவை இருக்கிறதா, அக்காமாரோடு உள்ள உறவை எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்பதையெல்லாம் யோசித்து வையுங்கள். யோசித்தால் உங்களுக்கே சில விஷயங்கள் தெளிவாகும். ஒன்றிரண்டு தம்பதிகள் என் அலுவலகத்தில் இந்த இடத்தில் மனம் மாறியதும் உண்டு. அதை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன். பெற்றவர்களும் எடுப்பவர்களும் முன்கூட்டிச் சந்திக்கக் கூடாது என்று உடன்படிக்கையில் ஒரு தடை உண்டு. குடும்பத்துக்குள் நடக்கும் தத்துக்கு அது பொருந்தாது, அதனால் நீங்கள் தங்கையோடு பேசுவதற்குப் பயப்பட வேண்டாம்.

பணம் அனுப்புவதில் மட்டும் கவனம். தத்துக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு நாட்டிலும் குற்றம். தங்கைக்கு வீடு கட்ட நீங்கள் அனுப்பிய தொகையும் பத்திரம் பதிந்த தேதியும் ஒரே மாதத்தில் இருந்தால், படிக்கிறவர் கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரியும். மறைக்காதீர்கள், எதற்கு என்று எழுதிக் கொடுங்கள்.

மொழிபெயர்ப்பிலும் ஒரு கண் இருக்கட்டும். உங்கள் பத்திரம் தமிழில் இருக்கும் என்று நினைக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கோப்பில் "வளர்ப்பு மகள்" என்ற சொல்லை மொழிபெயர்த்தவர் ஃபாஸ்டர் டாட்டர் என்று போட்டுவிட்டார். அகராதிப்படி தவறில்லை. ஆனால் இந்த நாட்டில் ஃபாஸ்டர் கேர் என்பது நீதிமன்றம் கொஞ்ச காலத்துக்கு ஒப்படைப்பது, அதில் பெற்றவர்களின் உரிமை முழுசாகப் போய்விடுவதில்லை. அந்த ஒரு சொல்லால் கோப்பு வேறு பிரிவுக்குப் போய், ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. மொழிபெயர்ப்பை நீங்களே ஒரு முறை வரி வரியாகப் படியுங்கள். தத்து என்ற இடத்தில் எல்லாம் அடாப்ஷன் என்றே இருக்க வேண்டும். இந்திய ஆவணங்களுக்கு அப்போஸ்டில், அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக இந்திய அரசு போடும் முத்திரை, போதும், இரண்டு நாடும் அந்த ஏற்பாட்டில் இருக்கின்றன. தூதரகத்தில் வரிசையில் நிற்கத் தேவையில்லை.

கேள்வியின் கடைசியில், ஒருவர் குழந்தையை இங்கே உங்களுக்குப் பிறந்ததாகவே பதிந்து தருவதாகச் சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். அது பொய்ப் பதிவு, குற்றம். பின்னாளில் அவளுடைய பாஸ்போர்ட்டே கேள்விக்குள்ளாகும். சுற்றுலா விசாவில் கூட்டிவந்து சாட்ஸ்வொர்த் நீதிமன்றத்தில் உள்ளூர்த் தத்துப்போல் விண்ணப்பிக்கலாம் என்பதும் அதே ரகம். நீதிபதி முதலில் கேட்பது குழந்தை எங்கே வாழ்கிறது என்பதைத்தான்.

காத்திருக்கும் காலத்தில் ஒரு காரியம் இன்றைக்கே செய்யலாம். இங்கே அவள் சட்டப்படி உங்கள் மகளாகும்வரை, நீங்கள் உயில் இல்லாமல் இறந்தால் இங்குள்ள சொத்தில் அவள் பங்கு பெரிய வழக்காகிவிடும். உயில் எழுதினால் யாருக்கும் எதையும் கொடுக்கலாம். "எங்கள் மகள்" என்று மட்டும் எழுதி விடாமல், அவள் முழுப் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் போட்டு எழுதுங்கள். அப்புறம் வயதுக் கணக்கு. இந்த நாட்டுச் சட்டத்தில் குழந்தைக்கு 10 வயதானால் தத்துக்கு அவளுடைய சம்மதமும் கட்டாயம். விவரம் தெரிந்தவளாக இருந்தால் அதற்கு முன்பே கேட்பார்கள். கோப்பு நகரும் வேகத்தைப் பார்த்தால் அவளுக்குப் பத்து ஆகிவிடும். வீடியோ அழைப்பில் சமூகப் பணியாளர் முதலில் கேட்கப்போவது, உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று. பெரியம்மா என்றால் பெரியம்மா என்றே சொல்லட்டும், அம்மா என்று சொல்லச் சொல்லிப் பழக்காதீர்கள். பழக்கியது முகத்தில் தெரியும்.